ஜெகநாதனின் வாசகர்கள்

என் தங்கை திரிபுரசுந்தரியின் கணவர் ஜெகநாதன், சொந்தமாகத் தொழில் செய்கிற சாஃப்ட்வேர்க்காரர். சொந்தமாக என்றால் முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. இரண்டு பேருக்கும் ஒத்துப்போவதில்லை. செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் அபார்ட்மெண்டில் அவர்கள் முதல் மாடி, நான் இரண்டாவது மாடி. ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், வேறு யாரும் முன்வராததாலும், அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜெகநாதனுக்கு இந்த உலகத்தில் பிடிக்காதவர்கள் இரண்டே வகை. ஒன்று, பெரிய பெரிய இன்டர்நெட் கம்பெனிகள். இன்னொன்று, எங்கள் சங்கச் செயலாளர்.

அவருடைய பிழைப்பு ஜீடிமெட்லாவில் இருக்கிறது. அங்கே மருந்து செய்கிற சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த டிரம்மில் எந்த ரசாயனம், எப்போது வந்தது, எப்போது கெட்டுப்போகும் என்று அது சொல்லும். இன்டர்நெட்டே இல்லாமல் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். போன வருஷம் ராகேஷ் என்கிற முதலாளி அவரைக் கூப்பிட்டு, அதில் ஏஐ சேர்க்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, பக்கத்துத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்களாம். ஒரு டிரம்முக்கு அறிவு எதற்கு என்று ஜெகநாதன் மத்தியானம் முழுக்க விளக்கினார். ராகேஷ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஒரு பட்டனாவது வைங்க சார்" என்றார். இவரும் வைத்தார். அதில் 'ஏஐ' என்று எழுதியிருக்கும். அமுக்கினால் முன்பு வந்த அதே பட்டியல்தான் வரும். பட்டன் வந்ததிலிருந்து பட்டியல் ரொம்ப சுத்தமாக வருகிறது என்று ராகேஷ் பாராட்டினாராம். இதை என்னிடம் சொன்னபோது ஜெகநாதன் சிரிக்கவில்லை. நான் சிரித்ததையும் ரசிக்கவில்லை.

வயிற்றுக்கு அந்த வேலை என்றால், மனசுக்கு வேறொன்று வைத்திருந்தார். காலையில் காபி குடித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தன் வலைத்தளத்தில் ஒரு குறிப்பு எழுதுவார். பத்து வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, "உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள்" கிடையாது. யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல், ஃபோன் நம்பர் கொடுக்காமல் உள்ளே வரலாம், படிக்கலாம், போகலாம். இதற்குத் திறந்த வலை என்று பெயராம். இன்டர்நெட் பிறந்தபோது இப்படித்தான் இருந்ததாம், பிறகு கம்பெனிக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒரு வேலி போட்டு, ஆப் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். எங்கள் இரண்டு குடும்பங்களும் வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்தவை. ஜெகநாதன் தமிழ்நாட்டில் தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் எழுதுவது தமிழில்தான். அப்பாவிடம் வீட்டிலேயே கற்றுக்கொண்ட தமிழ், அதனால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

எழுதுவதற்கு விஷயம் தேடி அவர் எங்கும் போக வேண்டியதில்லை. ஒருநாள் எல்லோருமாக டிபன் சாப்பிடப் போனோம். மெனு கார்டு இல்லை, மேஜையில் ஒட்டியிருந்த கட்டத்தை ஃபோனால் படம் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தால் அது ஃபோன் நம்பர் கேட்டது. "தோசைக்கும் என் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சர்வரிடம் சண்டை போட்டு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டோம். மறுநாள் அது ஒரு குறிப்பாயிற்று. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்ற தகவல் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, ஒரு ஊரின் தண்ணீரை எப்படி ஒரு கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டலாம் என்று இன்னொரு குறிப்பு. அந்தக் குழுவில் சேர்ந்து, நேரம் பார்த்து எழுந்து, சுந்தரி பிடித்து வைத்த தண்ணீரில் குளித்துவிட்டு வந்துதான் அதை எழுதினார்.

என்னைப் பற்றியும் எழுதினார். எங்கள் கேட்டுக்கு நான் ஒரு ஆப் கொண்டுவந்திருந்தேன். யார் உள்ளே வந்தாலும் வாட்ச்மேன் ஃபோனில் தட்டுவார், வீட்டுக்காரர்கள் தங்கள் ஃபோனில் சரி என்று அமுக்க வேண்டும். ஜெகநாதன் அந்த ஆப்பைப் போட மறுத்துவிட்டார். அதனால் அவர் வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டர், கூரியர், சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டிலேயே நின்றார்கள். வாட்ச்மேன் எனக்கு ஃபோன் போடுவார், நான் சரி சொல்வேன். அவர் கொள்கையை இத்தனை நாள் காப்பாற்றியது என் கட்டைவிரல்தான். அதற்கு நன்றியாக என்னை ஒரு நவாப்போடு ஒப்பிட்டு ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருப்பதாக அவரே சொன்னார். நான் படிக்கவில்லை. அந்தத் திருப்தியை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், யாருமே படிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். சுந்தரியைக் கேட்டால், "வாயால சொல்றதையே நான் முழுசாக் கேக்கறதில்லே அண்ணா, எழுத்துல வேற படிக்கணுமா?" என்பாள். அவர்களுடைய ஒரே மகள் ஹம்சா செகந்திராபாத்தில் படித்தவள். தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் வரும். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எத்தனை பேர் வந்து படிக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளக்கூடாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். "எண்ண ஆரம்பிச்சா எழுதறவன் கெட்டுப்போயிடுவான் மச்சான். படிக்கறவனை வேவு பார்க்கறது நம்ம வேலை இல்லே" என்றார். வருகைப் பதிவை அவரே அணைத்து வைத்திருந்தார். கணக்குப் பிரிவில் காலம் கழித்த எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

இப்படி இருந்த மனிதருக்கு மகள் வடிவில் சோதனை வந்தது. ஹம்சாவுக்கு ஹைடெக் சிட்டி பக்கம் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஃபோனில் யார் எதைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கவனித்து, அதற்குத் தகுந்த விளம்பரத்தைக் காட்டுகிற சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை. போன உகாதி அன்று, நானும் இருந்த சாப்பாட்டு மேஜையில், இதை அவள் சந்தோஷமாக விவரித்தாள்.

ஜெகநாதன் பச்சடியை இலையில் வைத்துவிட்டு, "ஊர்ல இருக்கறவன் தோளுக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பாக்கறதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சோம்?" என்றார்.

ஹம்சா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், நான் தமிழில் சொல்கிறேன்: "நான் மத்தவங்களை எட்டிப் பாக்கறேன். உங்களை யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்லையே அப்பா."

அதற்குப் பிறகு யாரும் பாயசம் கேட்கவில்லை. அந்த வாரமே அவள் கொண்டாப்பூரில் பெண்கள் தங்குகிற ஒரு பி.ஜி.யில் இடம் பிடித்துப் போய்விட்டாள். டிராஃபிக் என்று காரணம் சொன்னாள். மல்காஜ்கிரியிலிருந்து அங்கே தினமும் போய் வருவது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் டிராஃபிக் உகாதிக்கு முன்னாலும் இருந்தது.

தினமும் சுந்தரிக்கு ஃபோன் செய்வாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். இவர் பேப்பரைப் பார்த்தபடி, அவள் சாப்பிட்டாளா என்று சுந்தரியிடம் கேட்பார். "ரெண்டு பேரும் சாப்பிட்டாச்சுன்னு மாத்தி மாத்திச் சொல்றதுக்கே எனக்கு நேரம் சரியா இருக்கு" என்று என் தங்கை அலுத்துக்கொள்வாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான் வந்தது. எனக்குக் குழந்தைகள் இல்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி வளர்த்தவன் நான். இரண்டு தலையையும் சேர்த்து ஒரு முட்டு முட்டிவிடலாமா என்று இருக்கும்.

மகள் சொன்ன சொல் ஜெகநாதனுக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் காலை கையில் மைசூர்பாகு டப்பாவோடு மாடி ஏறி வந்தார். முகம் ஜொலித்தது.

"மச்சான், படிக்கிறாங்க!"

"யாரு?"

"உலகம் பூரா! வருகைப் பதிவை ஆன் பண்ணி ஒரு வாரம் ஆச்சு. சும்மா, டெக்னிக்கலா ஒரு டெஸ்டுக்குத்தான். ஆயிரக்கணக்குல வர்றாங்க மச்சான். அமெரிக்கா, சிங்கப்பூர், அயர்லாந்து."

"அயர்லாந்துல தமிழன் இருக்கானா?"

"ஹவ், இருக்கான்! எங்கதான் இல்லே?" என்று ஒரு துண்டு மைசூர்பாகை என் வாயருகே நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஹம்சாகிட்ட பேசும்போது சும்மா பேச்சுவாக்குல இதை அவ காதுல போட்டு வைங்க" என்றார்.

அதற்காகத்தான் வந்திருக்கிறார். நான் மைசூர்பாகை மென்றுகொண்டே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு நல்ல செய்தி என்றாலே சந்தேகம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை குறிப்பு படிக்கிறார் என்று கேட்டேன்.

"அமெரிக்காவுல ஒருத்தர் பத்து வருஷக் குறிப்பையும் ஆரம்பத்துலேருந்து படிச்சு முடிச்சிருக்காரு!"

"எத்தனை நாள்ல?"

ஜெகநாதன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சாயங்காலம் சுந்தரி வந்து, "இவரு ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்காரு? நீ என்ன சொன்னே?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தது அத்தனையும் மிஷின்கள். ஏஐ செய்கிற கம்பெனிகள், எழுத்து எங்கே கிடைத்தாலும் அள்ளிக்கொண்டு வர அனுப்புகிற மிஷின்கள். அமெரிக்க வாசகர் பத்து வருஷத்தை ஒரு மத்தியானத்தில் படித்திருந்தார். காசு வாங்காமல், பெயர் கேட்காமல் இவர் திறந்து வைத்த கதவு வழியாக, இவர் தினமும் திட்டுகிற கம்பெனிகள்தான் தினமும் வந்து போயிருக்கின்றன. "விடுங்க மாப்ளே, படிப்புல ஆர்வம் உள்ள மிஷினுங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சில நாட்கள் என் முகத்தையே பார்க்கவில்லை.

பிறகு ஒரு காலை அவரே வந்து, தடுப்பு போட்டுவிட்டதாகச் சொன்னார். இனி மனிதர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும். மிஷின் என்று தெரிந்தால் 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி காட்டித் திருப்பி அனுப்பிவிடுமாம்.

"அப்போ நீங்களும் கேட் போட்டாச்சு. செயலாளர் பதவியை வாங்கிக்கறீங்களா?" என்றேன்.

"உங்க கேட் மனுஷனை நிறுத்துது, என்னோடது மிஷினை நிறுத்துது. நக்கோ, ரெண்டையும் ஒண்ணாக்க வேண்டாம் மச்சான்" என்றார் கடுமையாக.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த வாரமே வியாழக்கிழமை காலை எனக்கு ஹம்சாவிடமிருந்து ஃபோன் வந்தது. எனக்கு அவள் காலையில் ஃபோன் செய்கிற வழக்கமில்லை. பின்னால் பஸ் சத்தம் கேட்டது. ஆபீஸ் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

"மாமா, அப்பா பாகுன்னாரா?" தெலுங்கில், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்கிறாள்; மற்றதை நானே தமிழில் சொல்கிறேன். குரல் சரியில்லை.

"அவருக்கென்ன, இப்பதான் கீழே மோட்டார் ரிப்பேர்க்காரரைத் திட்டிட்டிருந்தாரு. ஏம்மா?"

"அப்புறம் ஏன் எழுதறதை மூடி வெச்சுட்டாரு?"

மூடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தவன், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அப்புறம் சொன்னாள். பி.ஜி.க்குப் போனதிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஃபோனில் இருக்கிற ஏஐயிடம், அப்பா இன்றைக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்பாளாம். அது அவர் பக்கத்துக்குப் போய்ப் படித்து, இங்கிலீஷில் அவளுக்கு வாசித்துக் காட்டுமாம். புதுசு முடிந்தால் பழசு. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளாம்.

"என்னைப் பத்தி எழுதினதுமா?"

"நவாப்தானே? அது சூப்பர் மாமா" என்றாள், அந்த நிலைமையிலும்.

அந்த வார ஆரம்பத்தில் அவர் எழுதிய ஒன்றைப் பற்றிச் சொன்னாள். ஜீடிமெட்லாவுக்கு ஸ்கூட்டரில் போகும்போது எதிரே ஏதாவது கம்பெனி பஸ் வந்தால் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போவதாகவும், அவள் பஸ் அந்தப் பக்கம் வராது என்று தெரிந்தும் பார்ப்பதாகவும் எழுதியிருந்தாராம். அதைக் கேட்டதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். மறுநாள் காலை கேட்டால், அப்பாவின் வலைத்தளம் தன்னை உள்ளே விடவில்லை என்று ஏஐ சொல்லிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அதையே சொல்கிறது.

"நான் கேக்கறது அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லே மாமா? நான் கேக்கக்கூடாதுன்னுதான் மூடிட்டாரு. அப்போ நான் வர வேண்டாமா?" என்றவள் அழுதுவிட்டாள். வைம்மா, நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் கீழே போனேன்.

ஜெகநாதன் பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். சமையலறையிலிருந்து சுந்தரியும் வந்து கரண்டியோடு நின்று கேட்டாள்.

"அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே" என்றார் முதலில்.

"அதுக்குத்தான் மிஷின் வெச்சிருக்கா மாப்ளே."

"எல்லாத்தையுமா கேட்டா?"

"ஹவ். நவாப் உட்பட."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்குக் கிண்டல் எல்லாம் ஓடிப்போயிற்று. சுந்தரி விடவில்லை.

"ஊர் உலகத்துக்கெல்லாம் கதவைத் திறந்து வெச்சுட்டு, பொண்ணு வீட்டுக்கு வரலாம்னு நினைச்ச அன்னிக்குப் பூட்டினீங்களா?"

"அது அவதான்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்கேருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி மிஷினாத்தான் தெரியும்" என்றார். பிறகு என்னிடம், "எந்தக் கம்பெனி ஏஐன்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

நான் கேட்கவில்லை. "ஃபோன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் சுந்தரி. ஃபோன் மேஜை மேலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கம்பெனி விடாமல் எல்லா மிஷின்களுக்கும் தடுப்பை எடுத்துவிட்டார். பத்து வருஷமாகத் திட்டித் தீர்த்த அத்தனை பேரையும் ஒரே தட்டில் உள்ளே விடுவது, பெற்ற பெண்ணுக்கு ஒரு ஃபோன் போடுவதைவிட அவருக்குச் சுலபமாக இருந்தது. நான் மாடிக்குப் போய், உன் ஏஐ இனி உள்ளே போகும், நாளைக்குக் காலையில் கேட்டுப் பார் என்று மட்டும் ஹம்சாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மறுநாள் காலை நான் கீழே போனபோது காபி ஆறிக்கிடந்தது. ஜெகநாதன் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். பத்து வருஷம் யாருக்கு என்றே தெரியாமல் தினமும் தடங்கலில்லாமல் எழுதிய மனிதருக்கு, படிக்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிந்த முதல் நாள் ஒரு வரி ஓடவில்லை. அவள் பஸ் ஏறுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான், அவளைப் பத்தி எழுதறதா, அவளுக்கே எழுதறதா?"

"தெரியலையே மாப்ளே" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

கடைசியில் எழுதினார். எழுதி முடித்ததும், நான் கேட்காமலேயே திரையை என் பக்கம் திருப்பினார். அவர் எழுதியதில் நான் படித்த முதல் குறிப்பு அதுதான்:

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் முருங்கைக்காய் போட்ட காரக்குழம்பு. பஸ் இந்தப் பக்கம் வராது. மெட்டுகூடா மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நான் ஸ்கூட்டரோடு நிற்பேன். என்னை மன்னித்துவிடு."

வெளியிட்ட உடனே வழக்கமான வாசகர்கள் வர ஆரம்பித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஒன்று, சிங்கப்பூரிலிருந்து ஒன்று, அயர்லாந்திலிருந்து இரண்டு. மல்காஜ்கிரியில் ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு என்பதை உலகத்தின் பெரிய கம்பெனிகள் எல்லாம் அக்கறையாகத் தெரிந்துகொண்டன. சுந்தரியும் வந்துவிட, நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். இவற்றில் எது கொண்டாப்பூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. சுந்தரி தன் ஃபோனை எடுக்க சமையலறைக்கு ஓடினாள். அடித்தது அவளுடையது இல்லை. மேஜை மேல் இருந்த ஜெகநாதனின் ஃபோன். அவர் ஃபோனில் வந்த பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார், "சொல்லுடா கண்ணு" என்றார், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றிருந்தார். நடுவில் ஒருமுறை கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் அவர் எழுதுவதை நானும் தினமும் படிக்கிறேன். தோசைக்கடை, தண்ணீர்க் குழு, என் கேட் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அன்றைக்குப் பால்கனியில் மகளோடு என்ன பேசினார் என்பதை மட்டும் இன்றுவரை அவர் எங்கேயும் எழுதவில்லை.